வரி இல்லாத ஊரா, பேஸ் இருக்கும் ஊரா? அமெரிக்காவில் பைலட்டுகள் வீடு தேடும்போது போட வேண்டிய கணக்கு

போர்ட்லாந்து விமான நிலையத்தில் மேற்கு நோக்கிக் கிளம்பினால், வலப்பக்க இருக்கையில் இருப்பவருக்குக் கொலம்பியா ஆறு முழுசாகத் தெரியும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆரிகன் மாநிலம். அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநிலத்தில் வான்கூவர் என்ற ஊர். கனடாவில் இருப்பது வேறு. நடுவில் ஒரு பாலம், அவ்வளவுதான். ஆரிகனில் சம்பளத்தின் பெரும்பகுதி 8.75 சதவீத மாநில வருமான வரியில் விழும், அதற்கு மேலே 9.9 சதவீதம். வாஷிங்டனில் நம் அளவு சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது.

வான்கூவரில் குடியிருந்துகொண்டு போர்ட்லாந்தில் அலுவலக வேலை பார்ப்பவர் ஆரிகனுக்கு வரி கட்டியே ஆக வேண்டும். வேலை அங்கே நடப்பதால் அந்த வருமானம் ஆரிகனுடையது. அதே தெருவில் குடியிருந்து அதே பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் விமானிக்கு அந்த வரி இல்லை. ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) ஒருவருக்கே இது ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டும்.

இந்தச் சலுகையைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன்தான் பலரும் வீடு தேடத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பதினொரு வருடமாக விமானம் ஓட்டுகிறேன்; மூன்று பேஸ் (பேஸ் என்றால் விமானியின் பணி தொடங்கி முடியும் விமான நிலையம்), இரண்டு கிராஷ்பேட் (பேஸ் உள்ள ஊரில் விமான ஊழியர்கள் பகிர்ந்து தங்கும் இடம்), வாங்கிய வீடு இரண்டு, அதில் ஒன்றை நஷ்டத்துக்கு விற்றேன். புதிதாக வேலையில் சேரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "அக்கா, டெக்சாஸ் போகலாமா, ஃப்ளோரிடா போகலாமா?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் பேஸ், அடுத்து தூரம், அப்புறம் வீட்டு விலை, அதற்கும் பிறகுதான் வரி.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 49-வது தலைப்பின் 40116-வது பிரிவு நமக்கானது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் விமானத்தில் வேலை பார்க்கும் ஊழியரின் சம்பளத்துக்கு இரண்டே இடங்கள்தான் வருமான வரி கேட்க முடியும்: அவர் குடியிருக்கும் மாநிலம், அல்லது சம்பளத்தில் 50 சதவீதத்துக்கு மேல் எந்த மாநிலத்தில் ஈட்டுகிறாரோ அது. அந்த 50 சதவீதத்தை அட்டவணைப்படியான பறக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரே மாநிலத்தின் வானத்துக்குள் பாதிக்கு மேல் பறப்பவர்கள் மிகக் குறைவு. பெரிய மாநிலத்துக்குள்ளேயே சிறு விமானங்களில் சுற்றிச் சுற்றி வருபவர்கள் மட்டும் தங்கள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். மற்ற எல்லோருக்கும் குடியிருக்கும் மாநிலம்தான் வரி மாநிலம். நகர வருமான வரிக்கும் இதே விதி பொருந்தும்.

சம்பளத்துக்கு மாநில வரி இல்லாதவை அலாஸ்கா, ஃப்ளோரிடா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், சவுத் டகோட்டா, டென்னஸி, டெக்சாஸ், வாஷிங்டன், வயோமிங். இந்தப் பட்டியலை அமெரிக்காவின் விமானி பேஸ்கள் இருக்கும் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். டல்லாஸ், ஹூஸ்டன், மயாமி, ஆர்லாண்டோ, லாஸ் வேகாஸ், சியாட்டில், ஆங்கரேஜ், நாஷ்வில், மெம்ஃபிஸ் ஆகியவை பொருந்தும். நியூயார்க், நியூவர்க், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, அட்லாண்டா, டென்வர், சார்லட், பிலடெல்ஃபியா, மினியாபொலிஸ் பொருந்தாது. வீட்டு விலையும் வரியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும் ஊர்கள் எவையோ, அவற்றில்தான் வேலை நிறைய இருக்கிறது.

உங்களுக்குக் கிடைக்கும் பேஸ் எது?

எல்லாம் சீனியாரிட்டிதான்; வேலையில் சேர்ந்த வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. நீங்கள் விரும்பும் பேஸ் வேறு, உங்கள் எண்ணுக்குக் கிடைக்கும் பேஸ் வேறு. இங்கேதான் வீட்டு விலை உள்ளே நுழைகிறது.

நியூயார்க்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் வீட்டு விலை அதிகம். அதனால் சீனியர்கள் அந்த பேஸ்களைக் கேட்பதில்லை. கேட்க ஆள் இல்லாததால் புதியவர்களை அங்கே போடுகிறார்கள். புதியவர்களாலும் அங்கே குடியிருக்க முடிவதில்லை. வேறு ஊரில் இருந்து பறந்து வந்து பறந்து போகிறார்கள்; இதைத்தான் கம்யூட் என்கிறோம். இதற்கு மாறாக, குடும்பத்தோடு வசதியாக வாழ முடிகிற பேஸ்களில் ஒருமுறை உட்கார்ந்தவர் 65 வயதில் ஓய்வு பெறும் வரை எழுந்திருக்க மாட்டார். அங்கே வரிசை நகராது.

இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. யாரும் விரும்பாத பேஸில் கேப்டன் இருக்கை சீக்கிரம் கிடைக்கும். கேப்டனின் மணிச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு. அந்த இடைவெளிக்கு முன்னால் எந்த மாநிலத்தின் வருமான வரியும் சின்னது. அதாவது கலிஃபோர்னியா வரியைக் கட்டிக்கொண்டு நான்கு வருடம் முன்னதாகக் கேப்டன் ஆனவர், வரி இல்லாத ஊரில் ஃபர்ஸ்ட் ஆபீசராகவே இருப்பவரைவிடக் கையில் அதிகம் வைத்திருப்பார். ரிசர்வில் (அழைத்தால் பறக்கத் தயாராகக் காத்திருக்கும் பணியில்) வருடக்கணக்கில் கிடக்கத் தயாராக இருந்தால், விலை உயர்ந்த ஊரில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதைச் செய்யலாம். வெளியில் இருந்து கம்யூட் செய்துகொண்டு ஜூனியர் கேப்டனாக ரிசர்வில் இருப்பது உடம்பைத் தின்றுவிடும். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதனால் ஒரு தாளில் மூன்று பேஸ்களை மட்டும் எழுதுங்கள்: இன்றைக்குக் கிடைப்பது, இரண்டு வருடத்தில் கிடைக்கக்கூடியது, இது மூடினால் உங்களைத் தூக்கிப் போடக்கூடியது. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை. முதலில் வேலை பார்த்த சிறிய விமான நிறுவனத்தில், பேஸுக்கு இருபது நிமிடத் தூரத்தில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினேன். சாவி வாங்கி ஏழாவது மாதம் அந்த பேஸை மூடினார்கள். விற்க முயன்றபோது அந்தக் கட்டிடத்திலேயே இன்னும் மூன்று வீடுகள் விற்பனைக்கு இருந்தன. மூன்றும் எங்கள் ஆட்களுடையவை. ஒரே நேரத்தில் ஒரே முதலாளியின் ஊழியர்கள் எல்லோரும் விற்றால் விலை என்ன ஆகும்? கையில் இருந்து 14,000 டாலர் போட்டுத்தான் வெளியே வந்தேன்.

புதுப் பேஸில் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். தகுதிகாண் காலம் முடியட்டும், விமான வகை மாறுமா என்று தெரியட்டும். வாடகைப் பணம் வீணாகப் போகிறது என்று வீட்டில் சொல்வார்கள். அவசரமாக வாங்கி அவசரமாக விற்றால் தரகருக்கும் பத்திரச் செலவுக்கும் போவது அதைவிட அதிகம்.

வட்டம் போடுங்கள், மைலில் அல்ல, நிமிடத்தில்

பேஸ் தெரிந்ததும் வரைபடத்தை எடுங்கள். ஷார்ட் கால் ரிசர்வில் இருந்தால் பல நிறுவனங்களில் அழைப்பு வந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். குளித்து, சீருடை போட்டு, ஊழியர் பார்க்கிங்கில் காரை விட்டு, பேருந்து பிடித்து உள்ளே போக ஐம்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் எழுபது நிமிடம். அதுதான் உங்கள் வட்டத்தின் எல்லை.

வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன், அந்தத் தெருவில் இருந்து விமான நிலையத்துக்கு இரண்டு முறை கார் ஓட்டிப் பாருங்கள். ஒன்று விடியற்காலை நாலு மணிக்கு, இன்னொன்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. ஞாயிறு மதியம் தரகரோடு போய்ப் பார்த்துவிட்டு "முப்பத்தைந்து நிமிடம்தான்" என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும்.

நல்ல வட்டத்துக்குள் விமானிகள் குவிந்துவிடுவார்கள். அட்லாண்டாவுக்குத் தெற்கே பீச்ட்ரீ சிட்டி என்று ஒரு ஊர். காட்டுக்கு நடுவே கோல்ஃப் வண்டிகளுக்கென்றே நீண்ட பாதைகள் போட்டிருப்பார்கள். கடைக்கும் பள்ளிக்கும் மக்கள் அதிலேயே போவார்கள். அங்கே தெருவுக்குத் தெரு விமான ஊழியர் குடும்பம் இருக்கும். ஜார்ஜியாவில் வருமான வரி உண்டு. இருந்தும் அவர்கள் டென்னஸிக்கு ஓடவில்லை. வேலைக்குக் காரில் போய்விட்டு, கடைசி விமானம் இறங்கியதும் வீட்டுக்கு வந்து படுக்கலாம் என்பதற்காகத்தான் அங்கே இருக்கிறார்கள்.

கம்யூட் செய்துதான் ஆக வேண்டும் என்றால்

நாட்டில் பெரும் எண்ணிக்கையில் விமானிகள் கம்யூட் செய்கிறார்கள். நானும் மூன்று வருடம் செய்தேன். வீடு ஹூஸ்டனுக்கு வடக்கே, பேஸ் சான் ஃபிரான்சிஸ்கோ. ஹூஸ்டன் பேஸ் என் எண்ணுக்கு அப்போது கிடைக்கவில்லை.

தேர்வு செய்யும்போது திசையைப் பாருங்கள். பேஸுக்குக் கிழக்கே குடியிருந்தால் காலையில் வேலைக்குப் போகும்போது கடிகாரம் உங்கள் பக்கம் நிற்கும். ஹூஸ்டனில் காலை ஏழு மணி விமானம் பிடித்தால் சான் ஃபிரான்சிஸ்கோவில் பத்து மணிக்குள் நிற்கலாம். திரும்பும்போது அந்த இரண்டு மணி நேரத்தைப் பறிகொடுப்போம். டிரிப் (பேஸில் கிளம்பி பேஸுக்கே திரும்பும் ஒரு சுற்றுப் பணி) இரவு எட்டு மணிக்கு முடிந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரும் விமானம்தான், அதுவும் இடம் இருந்தால்.

அடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை விமானம், எத்தனை நிறுவனங்கள், இரவில் சரக்கு விமானம் உண்டா என்று பாருங்கள். நாளுக்கு மூன்று விமானம் மட்டுமே உள்ள ஊரில் இருந்து கம்யூட் செய்யாதீர்கள். அதில் ஒன்று பழுதாகி நின்றால் மற்ற இரண்டிலும் பயணிகள் நிரம்பிவிடுவார்கள். உங்களுக்கு மிஞ்சுவது காக்பிட்டில் இருக்கும் கூடுதல் இருக்கையான ஜம்ப்சீட். அதைக் கேட்டு உங்களுக்கு முன்னால் நாலு பேர் நிற்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. ஆலங்கட்டி மழையில் எங்கள் வீட்டுக் கூரை ஓடுகள் பிய்ந்துபோய், மறுநாள் காலை காப்பீட்டு ஆள் வந்து பார்ப்பதாக இருந்தது. என் டிரிப் நாற்பது நிமிடம் தாமதமாக முடிந்தது. ஒரு முனையத்தில் இருந்து இன்னொன்றுக்குப் பையை இழுத்துக்கொண்டு ஓடினேன். கதவை மூடி, பாலத்தை விமானத்தில் இருந்து விலக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் இடம் காலியாகவே போனது.

"எங்க இருக்க?" என்று கணவர் கேட்டார்.

"கேட்லதான்."

"ஏறியாச்சா?"

"இல்லப்பா."

"சரி, நான் பாத்துக்கறேன். நீ முதல்ல ஏதாவது சாப்பிடு."

அந்த இரவைக் கிராஷ்பேடில் கழித்தேன். கிராஷ்பேட் என்றால் ஏதோ சின்ன வீடு என்று நினைக்க வேண்டாம். என் முதல் கிராஷ்பேட் நியூயார்க்கில் கியூ கார்டன்ஸ் பகுதியில் இருந்தது; விமான ஊழியர்கள் அத்தனை பேர் தங்குவதால் அதற்குக் க்ரூ கார்டன்ஸ் என்றே பெயர். மூன்று படுக்கையறை, அறைக்கு இரண்டு அடுக்குக் கட்டில். குளிர்பதனப் பெட்டியில் ஒவ்வொரு தட்டிலும் பெயர் எழுதிய வெள்ளை டேப். கட்டிலில் யார் படுத்திருக்கிறார் என்று தெரியாததால் விளக்குப் போடக் கூடாது என்பது சட்டம். கைபேசி வெளிச்சத்தில் சீருடை மாற்றப் பழகிக்கொள்வோம்.

களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் ஃபர்ஸ்ட் ஆபீசர் சியாட்டிலில் இருந்து கிளம்பி, சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வழியாக இரவெல்லாம் பயணம் செய்து நியூவர்க் பேஸுக்கு வந்திருந்தார். கேப்டனின் வீடு ஃப்ளோரிடாவில். அந்த ஃபர்ஸ்ட் ஆபீசருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட, ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர் சம்பளத்தில் நியூவர்க் பக்கத்தில் யாரால் வீடு எடுக்க முடியும் என்று விசாரணையின்போது நாடே பேசியது. விமானிகளின் செயல்பாட்டைக் களைப்பு பாதித்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும், எவ்வளவு என்று தீர்மானிக்க முடியவில்லை என்றும் விசாரணை வாரியம் எழுதியது. அதற்குப் பிறகு வந்த புதிய ஓய்வு விதிகள் 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தன. பயணிகள் விமானம் ஓட்டுபவர்களுக்குப் பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு கட்டாயம். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தில் நீங்கள் வேறொரு விமானத்தின் ஜம்ப்சீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் தடுப்பதில்லை. பணிக்குத் தகுதியாக இருக்கிறேன் என்று கையெழுத்திடுவது நீங்கள். அதனால் கம்யூட் செய்பவர்கள் முந்தைய நாளே போய்விடுங்கள். அந்த இரவுக்கு ஆகும் செலவையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

என் கணக்கு, உள்ளது உள்ளபடி

2023-ல் ஒரு வருடம் முழுக்க நாட்குறிப்பில் எண்ணினேன். டிரிப்புக்கு முந்தைய இரவு, முடிந்த இரவு என்று சம்பளம் இல்லாமல் வெளியே படுத்த இரவுகள் 71.

அந்த வருடம் என் சம்பளம் சுமார் 1,65,000 டாலர். மகள் சின்னவள் என்பதால் கணவர் வேலைக்குப் போகவில்லை. கலிஃபோர்னியாவில் குடியிருந்திருந்தால் சேர்த்துத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு மாநில வரி ஏறக்குறைய 7,500 டாலர் வந்திருக்கும். டெக்சாஸில் பூஜ்யம். இதிலிருந்து கிராஷ்பேடுக்கு மாதம் 350 வீதம் 4,200 டாலரைக் கழித்தேன். மிச்சம் 3,300. அதை 71 இரவுகளால் வகுத்தால் ஓர் இரவுக்கு 46 டாலர். என் மகளோடு இருக்கும் ஓர் இரவை நான் 46 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

ஆனால் இது முழுக் கணக்கு இல்லை. பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில்) எங்களுக்குத் தேவையான இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 3,800 டாலர் வாடகை கேட்டார்கள். ஹூஸ்டனில் 2022-ல் 3,80,000 டாலருக்கு வாங்கிய நாலு படுக்கையறை வீட்டுக்குத் தவணை, சொத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 2,900. வித்தியாசம் மாதம் 900, வருடத்துக்கு 10,800. இதையும் சேர்த்தால் ஓர் இரவின் விலை 199 டாலர். அதுவும் வாடகை வீட்டை வைத்துத்தான். அங்கேயே ஒரு வீடு வாங்குவது என்றால் விலையைக் கேட்டதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்று வருடமாக எல்லோரிடமும் "வரி இல்லாத மாநிலம், அதனால் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்களை அங்கே அனுப்பியது பே ஏரியாவின் வீட்டு விலை.

இந்த வகுத்தல் கணக்கை நீங்களும் போடுங்கள். மேலே மொத்த மிச்சம், கீழே இரவுகள். இரவுக்கு எவ்வளவு என்றால் சரி என்பதை நான் சொல்ல முடியாது. தனியாக இருப்பவருக்கு 199 டாலர் நல்ல பணம். எங்களுக்குப் போதவில்லை. அதோடு, பேஸில் குடியிருப்பவருக்குத்தான் கடைசி நேரத்தில் கூடுதல் சம்பளத்தோடு வரும் டிரிப்புகள் கிடைக்கும். ரிசர்வையும் வீட்டில் உட்கார்ந்தே கழிக்கலாம். அந்த வருமானத்தை யாரும் மிச்சக் கணக்கில் எழுதுவதில்லை.

சொத்து வரி என்னும் பின்வாசல்

வருமான வரி வாங்காத மாநிலமும் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், சாலை போட வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்தாவது வரவேண்டும். டெக்சாஸில் அது சொத்து வரியாக வருகிறது.

எங்கள் வீடு புதுக் குடியிருப்பில் இருந்தது. ஹூஸ்டனைச் சுற்றியுள்ள புதுக் குடியிருப்புகளில் தண்ணீர், வடிகால் வசதி செய்ய எம்.யூ.டி. என்று ஒரு வட்டாரம் அமைத்து, அந்தக் கடனை வீட்டுக்காரர்களிடம் வரியாக வசூலிப்பார்கள். கவுண்டி (மாவட்டம் போன்றது) வரி, பள்ளி வரி, எம்.யூ.டி. எல்லாம் சேர்த்து எங்களுக்கு 2.8 சதவீதம். விலக்கெல்லாம் போக வருடத்துக்கு 9,600 டாலர் பக்கம். மேலே போய் கலிஃபோர்னியா வருமான வரியை மறுபடி பாருங்கள், அது 7,500. வேலை போனால் வருமான வரி நின்றுவிடும். சொத்து வரி நிற்காது. விமானத் துறையில் அடிக்கடி ஆட்குறைப்பு வரும் என்பதை மறக்காமல் இதை யோசியுங்கள். ஐந்து மைல் தள்ளிப் பழைய குடியிருப்பில் எம்.யூ.டி. கடன் அடைந்துபோன வீடுகள் இருந்தன. எனக்கு அது தெரியவில்லை. நீங்கள் வீட்டு விளம்பரத்தில் விலைக்கு அடுத்து மொத்த வரி வீதத்தைக் கேளுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் பாதுகாப்பும் வேறு. கலிஃபோர்னியாவில் 1978-ல் வந்த 13-வது முன்மொழிவின்படி அடிப்படை வரி வாங்கிய விலையில் 1 சதவீதம். மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வாங்க முடிந்தவருக்கு அது கோட்டை. ஃப்ளோரிடாவில் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு மதிப்பீட்டு உயர்வு ஆண்டுக்கு 3 சதவீதம் அல்லது பணவீக்கம், எது குறைவோ அது. டெக்சாஸில் 10 சதவீதம் வரை ஏறலாம். ஃப்ளோரிடாவில் வரி மென்மையாக இருந்தாலும் புயல் காப்பீட்டின் விலையைக் கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

டென்வர் மாதிரி ஊரையும் போட்டுப் பாருங்கள். கொலராடோவில் வருமான வரி 4.4 சதவீதம், ஆனால் சொத்து வரி நாட்டிலேயே குறைவானவற்றில் ஒன்று. இரண்டு வரிகளையும் கூட்டினால் டெக்சாஸுக்கும் அதற்கும் பெரிய தூரம் இருக்காது. வீட்டின் விலைதான் தூரத்தை உண்டாக்கும். இரண்டு லட்சம் டாலர் கூடுதல் கடனுக்கு 6.5 சதவீத வட்டி என்றால் முதல் வருடம் மட்டும் 13,000 டாலர்.

மாநில, சொத்து வரிகளை மத்திய வரியில் கழிப்பதற்கு 2018 முதல் 10,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. 2025-க்கு அதை 40,000 ஆக்கினார்கள். வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் அது குறையத் தொடங்கும், 2030-ல் பழைய 10,000-க்கே திரும்பும். எனவே விலை உயர்ந்த மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இப்போது கொஞ்சம் மூச்சு விட இடம் உண்டு. கிராஷ்பேட் வாடகை, கம்யூட் செலவு எதையும் கழிக்க முடியாது. வரிச் சட்டத்தின் பார்வையில் உங்கள் பேஸ்தான் உங்கள் பணியிடம். நீங்கள் தூரத்தில் குடியிருப்பது உங்கள் விருப்பம். இதைக் கழிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள்.

ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. 1996-ல் வந்த மத்தியச் சட்டத்தின்படி, நீங்கள் விட்டு வந்த மாநிலம் உங்கள் ஓய்வூதிய வருமானத்துக்கு வரி போட முடியாது. சம்பாதிக்கும் காலம் முழுக்கக் கலிஃபோர்னியாவில் இருந்துவிட்டு, 65-ல் நெவாடாவுக்கு உண்மையாகவே குடிபெயர்ந்து சேமிப்பை எடுத்தால் அது நெவாடாக்காரரின் பணம்.

குடியிருப்பு உண்மையாக இருக்க வேண்டும்

வரி இல்லாத மாநிலத்தில் ஒரு தபால் பெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, மனைவி பிள்ளைகளை கலிஃபோர்னியாவிலேயே விட்டிருப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். குடும்பம் எங்கே, பிள்ளைகளின் பள்ளி எங்கே, பல் மருத்துவர் எங்கே, கார் எந்த மாநிலப் பதிவு, வாக்காளர் அட்டை எங்கே என்று எல்லாவற்றையும் கோத்துப் பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் இதில் கண்டிப்பானவை. நியூயார்க்கில் நிரந்தரமாகத் தங்கும் இடம் வைத்துக்கொண்டு வருடத்தில் 183 நாளுக்கு மேல் அந்த மாநிலத்தில் இருந்தால், வீடு எங்கிருந்தாலும் அங்கே குடியிருப்பவராகக் கருத வழி உண்டு. நியூயார்க்கில் தனி அறை எடுத்திருப்பவர்கள் நாட்களை எழுதி வையுங்கள். நம் பறப்புப் பதிவே நமக்குச் சாட்சி, எதிராகவும் சாட்சி.

நான் போன வருடம் ஹூஸ்டன் பேஸுக்கு மாற்றல் கிடைத்து வந்துவிட்டேன். இப்போது வேலைக்கு முப்பத்தெட்டு நிமிடம்.

மாநிலம் மாறினால் முதல் மாதத்திலேயே முடிக்க வேண்டிய காகித வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். சம்பளப் பிரிவில் பழைய மாநிலப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அவர்களாகச் செய்ய மாட்டார்கள். என் ஆறு மாதப் பிடித்தம் தவறான மாநிலத்துக்குப் போய், திரும்பி வர அடுத்த வருடத் தாக்கல் வரை காத்திருந்தேன். மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குப் புது முகவரியை 30 நாளுக்குள் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் உரிமத்தில் பறக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, வாக்காளர் பதிவு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிடுங்கள். ஃப்ளோரிடா என்றால் கவுண்டி அலுவலகத்தில் குடியிருப்பு அறிவிப்புப் பத்திரம் ஒன்றையும் பதிவு செய்யலாம். மாறிய வருடத்துக்குப் பழைய மாநிலத்தில் பகுதியாண்டு வரித்தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். சொந்த வீடு என்றால் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு (குடியிருக்கும் சொந்த வீட்டுக்குச் சொத்து வரியில் தரும் சலுகைக்கு) விண்ணப்பியுங்கள். அதுவும் தானாக வராது. ஃப்ளோரிடாவில் கடைசி நாள் மார்ச் 1, டெக்சாஸில் ஏப்ரல் 30. விண்ணப்பத்தில் இருக்கும் முகவரியும் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும், அதனால் உரிமத்தை முதலில் மாற்றுங்கள்.